உழைப்பும் ஓய்வும்

உழைப்பு மனிதனை உயர்த்தும் என்பதை யாவரும் அறிவர். ஆயினும், ஓய்வின்றி உழைப்போர் சிலர் உறக்கம் கெட்டு, ஊக்கம் குன்றி, சிறு செயலுக்கும் சினங்கொள்ளும் நிலையை அடைகின்றனர். இதனைச் சோம்பல் என்று பழிப்பாரும் உளர். அஃது அன்று. இதன் காரணத்தை உடலில் அமைந்த நரம்பு மண்டலத்திலே காணலாம்.

மனிதனின் விருப்பத்தை எதிர்பாராது உள்ளுறுப்புகளை இயக்கும் நரம்புகளுள் பரிவு நரம்புகள், எதிர்ப்பரிவு நரம்புகள் என இரு வகை உண்டு. காட்டு வழியே செல்வோன் ஒருவன் எதிரே புலியைக் காண்கின்றான் எனக் கொள்க. அக்கணமே பரிவு நரம்புகள் கிளர்ச்சி அடைகின்றன. சிறுநீரகங்களின்மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்னும் சுரப்பு நீரைக் குருதியில் கலக்கின்றன. நெஞ்சு விரைந்து துடிக்கின்றது, தசைகளுக்குக் குருதி மிகுதியாகப் பாய்கின்றது, செரித்தல் தடைப்படுகின்றது. எதிர்த்துப் போரிடுதற்கோ, ஓடித் தப்புதற்கோ உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இதுவாகும். அமெரிக்க அறிஞர் வால்ட்டர் கானன் 1915ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விளக்கினார். இடர் நீங்கியபின் எதிர்ப்பரிவு நரம்புகள் நெஞ்சின் துடிப்பைத் தணித்து, உடலை இளைப்பாறச் செய்கின்றன.

புலி சிறிது நேரத்தில் அகன்றுவிடும். ஆனால், முடிவில்லாத வேலையும் மேலாளரின் கடுஞ்சொல்லும் நாள்தோறும் தொடர்வன. அவற்றிற்கும் உடல் அவ்வாறே கிளர்ச்சி அடைகின்றது. அட்ரினல் சுரப்பிகள் தரும் கார்ட்டிசால் என்னும் மற்றொரு சுரப்பு நீர் அளவோடு இருப்பின் ஆற்றல் தரும், நெடுங்காலம் மிகுந்திருப்பின் உறக்கத்தைக் கெடுக்கும், நினைவாற்றலைக் குறைக்கும், நோயை எதிர்க்கும் வன்மையைத் தளர்த்தும்.

கானடா நாட்டின் மான்ட்ரியால் நகரில் ஆய்வு செய்த ஹான்ஸ் செலியே, 1936இல் இதற்குச் சான்று கண்டார். குளிர், மிகையான உழைப்பு முதலிய வெவ்வேறு துன்பங்களுக்கு உள்ளான எலிகளின் உடலில் ஒரே வகையான மாறுதல்கள் தோன்றின. அட்ரினல் சுரப்பிகள் பருத்தன. இரைப்பையில் புண்கள் உண்டாயின. உடல் முதலில் கிளர்ந்தெழும். பின்னர் எதிர்த்து நிற்கும். துன்பம் நீடிப்பின் இறுதியில் தளர்ந்து வீழும் என்று அவர் கூறினார்.

நியூயார்க் நகரத்து உளநூல் அறிஞர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், இலவச மருத்துவ நிலையத்தில் விரும்பித் தொண்டு செய்தோரே நாளடைவில் சோர்ந்து போனதைக் கண்டார். 1974இல் அந்நிலைக்கு ‘எரிந்து தீர்தல்’ என்னும் பொருள்படப் பெயரிட்டு எழுதினார். கடமையில் கருத்து மிக்கோரே இதற்கு எளிதில் இரையாவர் என்பது அவர் கண்ட உண்மை. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் இதனை நோய் என்னாது, தணிக்கப்படாத நெடுநாள் வேலைச் சுமையால் தொழிலில் விளையும் நிலை என்று வகுத்துரைத்தது. எனவே, இதனைத் தடுக்கும் பொறுப்பு உழைப்போரை மட்டும் சார்ந்ததன்று. வேலை வாங்குவோரையும் சார்ந்ததாகும்.

நண்பகலில் நுகத்தை அவிழ்த்து, எருதுகளுக்கு நீரும் நிழலும் தரும் உழவன் அவற்றைச் சோம்பச் செய்வதில்லை. மறுநாள் உழவுக்காகக் காக்கின்றான். எருதுக்குச் செய்யும் அவ்வறத்தை மனிதன் தனக்கும் தன்கீழ் உழைப்போர்க்கும் செய்தல் வேண்டும்.