கொதிகலன் பிறக்கும் இடம்



காலை வேளையில் ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் சாப்பாட்டுப் பையுடன் பேருந்துக்காக நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் சிலர் திருவெறும்பூர்ப் பக்கம் போகிறவர்கள். "எங்கே வேலை?" என்று கேட்டால், "பாய்லர் பிளாண்ட்" என்பார்கள். செக்கோஸ்லோவாகியாவின் உதவியுடன் 1960-களில் தொடங்கப்பட்ட, பாரத மிகுமின் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் தொழிற்சாலைதான் அது. இவ்வளவு பேர் சேர்ந்து அங்கே அப்படி என்னதான் செய்கிறார்கள்? வாருங்கள், பார்ப்போம்.

அனல் மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்து நீரை ஆவியாக்குகிறார்கள். அந்த நீராவி டர்பைனைச் சுழற்றுகிறது. வீட்டு இட்லிப் பானையிலும்தான் நீராவி வருகிறது. வேறுபாடு அழுத்தத்தில் இருக்கிறது. 500 மெகாவாட் மின்சாரத்துக்கான கொதிகலனுக்குள் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 180 கிலோகிராம் அழுத்தம் நிலவுகிறது. உங்கள் ஆள்காட்டி விரல் நகத்தின் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டர். அந்த நகத்தின்மேல் மூன்று பேர் ஏறி நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்! வெளியே வரும் நீராவியின் வெப்பநிலையோ சுமார் 540 டிகிரி செல்சியஸ்.

இத்தகைய கொதிகலன், 1987-இல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு உயரத்தில் சளைத்ததல்ல. அதை முழுதாகச் செய்து அனுப்ப முடியுமா? முடியாது. குழாய்களாகவும் உருளைக்கலங்களாகவும் பகுதி பகுதியாகச் செய்து, லாரியிலும் ரயிலிலும் அனுப்பி, மின் நிலையத்தில் ஒன்றுசேர்க்கிறார்கள். ஆகவே பற்றவைத்த இணைப்புகள் பல்லாயிரக் கணக்கில் இருக்கும். அவற்றில் ஒன்று விட்டுக்கொடுத்தாலும் போதும், கொதிகலனை நிறுத்தவேண்டி வரும். அருகில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இரும்புக்குள் ஒளிந்திருக்கும் குறையை எப்படிக் கண்டுபிடிப்பது? இரிடியம்-192 போன்ற கதிரியக்கப் பொருளின் காமாக் கதிர்களை இணைப்பின் வழியாகச் செலுத்தி, மறுபக்கம் பிலிமில் படமெடுக்கிறார்கள். உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் அங்கே இரும்பு குறைவு. கதிர்கள் அதிகமாக ஊடுருவும். பிலிமில் அந்த இடம் கறுத்துத் தெரியும். குறையுள்ள பகுதியை அரைத்து எடுத்துவிட்டு மறுபடியும் பற்றவைக்க வேண்டும். படமெடுக்கும் இடத்துக்குப் பிறரை நெருங்க விடமாட்டார்கள். தூரம் இருமடங்கானால் கதிரின் செறிவு நான்கில் ஒரு பங்காகும் என்ற உங்கள் பாடப்புத்தக விதி இங்கே உயிரைக் காக்கிறது!

அடுத்து அழுத்தச் சோதனை. வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு கொடுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் காற்றைக் கொண்டு அல்ல, தண்ணீரைக் கொண்டு. ஏன்? இரண்டு பலூன்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் காற்றையும் மற்றொன்றில் தண்ணீரையும் நிரப்பி ஊசியால் குத்துங்கள். காற்றுப் பலூன் 'படார்' என்று வெடிக்கும். தண்ணீர் கொட்டுவதோடு சரி. சுருங்கிய காற்று, அழுத்தி வைத்த வில்லைப்போல் ஏராளமான ஆற்றலைத் தேக்கி வைக்கிறது. தண்ணீரோ சோதனை அழுத்தத்தில்கூட நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் சுருங்குகிறது. எனவே கலம் பிளந்தாலும் சிதறும் ஆபத்து மிகக் குறைவு.

இத்தனை சோதனைகள் இருக்கும்போது, பற்றவைப்பவர் கொஞ்சம் அசட்டையாக இருந்தால்தான் என்ன? எங்கள் தெருவில் குடியிருக்கும், ஓய்வுபெற்ற வெல்டர் ஒருவரிடம் என் மாணவன் இப்படித்தான் கேட்டான்.

அவர் சிரித்துவிட்டு விளக்கினார். வெல்டிங் ராடின் மேற்பூச்சு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதனால் ராடுகளைச் சூடான அடுப்பில் உலர்த்தி வைத்திருந்து, வேண்டியபோது எடுக்க வேண்டும். ஈரம் இருந்தால், மின்வில்லின் வெப்பத்தில் நீர் பிரிந்து, ஹைட்ரஜன் உருக்குக்குள் புகுந்துவிடும். பற்றவைத்த உடனே ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்து மெல்லிய விரிசல் விடும். அதற்குமுன் படமெடுத்தால் விரிசல் எப்படித் தெரியும்? சாய்ந்து கிடக்கும் மயிரிழை விரிசலைக் காமாக் கதிர்ப் படம் தவறவிடவும் கூடும். அதனால்தான் மீயொலியாலும் சோதிக்கிறார்கள்.

"படமெல்லாம் அப்புறம்தான் தம்பி. ராடு காயலைன்னா அது முதல்ல எனக்கில்ல தெரியும்?" என்றார் அவர்.

கொதிகலனில் பற்றவைப்பவர் அதற்கான தேர்வில் தேறியிருக்க வேண்டும். தாம் முடித்த இணைப்பு எது என்று தெரிவதற்காக அவருக்கு ஓர் அடையாள எண்ணும் உண்டு. வடிவமைப்பவர், ராடை உலர்த்துபவர், கிரேன் ஓட்டுபவர், படம் பார்ப்பவர் என்று எத்தனையோ பேரில் அவர் ஒருவர். அவர் செய்த இணைப்போ, அவர் கண்ணால் பார்த்திராத ஓர் ஊரில் பல ஆண்டுகள் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும். அதனருகே வேலை செய்பவரும் அவர் பெயரை அறியமாட்டார்.

ஒரு பெரிய தொழிற்சாலையில் வேலை செய்வது என்றால் என்ன என்று இனி யாராவது உங்களைக் கேட்டால், அந்த ஈரமான ராடை நினைத்துக்கொள்ளுங்கள்.