கடுங்குளிரில் விரிசல் கண்ட இன்சாஸ்

புது தில்லி: கார்கில் சிகரங்களில் 1999-ல் போரிட்ட ராணுவத்தினரின் கையில் இருந்தது, உள்நாட்டுத் தயாரிப்பான 5.56 மி.மீ. இன்சாஸ் துப்பாக்கி. 20 தோட்டாக்கள் அடைக்கும் அதன் பிளாஸ்டிக் மேகஸின் கடுங்குளிரில் விரிசல் விட்டது. ஒரு விசைக்கு மூன்று தோட்டாக்கள் மட்டுமே வெளியேற வேண்டிய நிலையில் வைத்தும் சில துப்பாக்கிகள் தொடர்ந்து சுட்டதாகப் புகார் எழுந்தது.

புணேயில் வடிவமைக்கப்பட்டு, இஷாப்பூரிலும் திருச்சியிலும் தயாரான ஆயுதம் இது. பனிமலை எல்லையைக் காக்கும் ராணுவத்தின் துப்பாக்கி, பனியைத் தாங்குமா என்பது போர்முனையில்தானா தெரியவர வேண்டும்?

குறைகள் பின்னர் திருத்தப்பட்டன என்பது உண்மை. ஆயினும், நேபாள ராணுவம் 2005-ல் இதே துப்பாக்கியைக் குறை கூறியது. ராணுவத்துக்கு ஏ.கே.-203 துப்பாக்கிகளை அமேதியில் தயாரிக்க 2021 டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது, வடிவமைப்பு ரஷியாவுடையது.