உருளும் உறையுள்

வண்டியிலே குடியிருத்தல் பழைய வழக்கம். ஆனால், தொழிலாலோ வறுமையாலோ அன்றி, இன்பம் ஒன்றே கருதி வண்டியிற் குடியிருக்கும் வழக்கம் அண்மைக் காலத்தது. பிரிட்டனில் இதற்கு முன்னோடி என்று கூறப்படுபவர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் கடற்படை மருத்துவர். அவர் 1885ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரத்துப் பட்டறை ஒன்றில் குதிரை வண்டியொன்றைச் செய்வித்து, அதற்கு ‘வாண்டரர்’, அஃதாவது ‘அலைந்து திரிவோன்’ என்று பெயரிட்டு, அதிலேயே தங்கி நாடு சுற்றினார். அவர் பிறரைக் கொண்டு செய்வித்ததை இன்று பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் பலர் தம் கையாலேயே செய்துகொள்கின்றனர். சரக்கேற்றி ஓய்ந்த பழைய வேன் ஒன்றை வாங்கி, அதற்குள் படுக்கை, அடுப்பு, விளக்கு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றை அமைத்து, விடுமுறை தோறும் அதிற் புறப்பட்டுவிடுகின்றனர்.

இவ்வகை வண்டிக்கு வித்திட்டது வோக்ஸ்வாகன் வேன் எனலாம். ஹாலந்து நாட்டு வணிகர் பென் பான் என்பவர் 1947இல் தம் குறிப்பேட்டில் ஒரு பெட்டி வடிவை வரைந்து காட்டினார். அதனை அடியொற்றிய வேன் 1950இல் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் ஆலையிலிருந்து வெளிவரத் தொடங்கியது. மறு ஆண்டிலேயே வெஸ்ட்ஃபாலியா என்னும் நிறுவனம் அதற்குள் பொருத்தத்தக்க ‘முகாம் பெட்டி’யைச் செய்தது. இப்பெட்டியின் சிறப்பு, அதனை வேண்டும்போது கழற்றி வெளியே எடுத்துவிடலாம் என்பதே. வார நாட்களில் சரக்கு வண்டி. ஓய்வு நாளில் உறைவிடம். போருக்குப் பிந்திய ஜெர்மனியில் இரண்டு வண்டி வாங்கும் வசதி எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

பிரிட்டனில் இவ்வழக்கம் பெருகியதற்கு வரியும் ஒரு காரணம். 1940இல் அங்கே கொள்முதல் வரி என ஒன்று விதிக்கப்பட்டது. கார் வாங்கினால் அவ்வரி உண்டு. நிலையான படுக்கையும் அடுப்பும் பொருத்திய உறைவண்டிக்கோ விலக்கு உண்டு. ஆகவே காருக்குப் பதிலாக இதனை வாங்கியோர் பலர். ஃபோக்ஸ்டன் நகரத்து மார்ட்டின் வால்ட்டர் நிறுவனம் செய்த ‘டோர்மொபைல்’ வண்டிகள் அக்காலத்தில் பெரும் புகழ் பெற்றன. அப்பெயரின் முற்பகுதி ‘உறங்கு’ எனப் பொருள்படும் இலத்தீன் அடியினின்று வந்தது; ‘உறங்கூர்தி’ என்று தமிழாக்கினும் பொருந்தும். 1973இல் கொள்முதல் வரி ஒழிந்து மதிப்புக்கூட்டு வரி வந்தபோது அந்தச் சலுகையும் போயிற்று. பழக்கம் மட்டும் போகவில்லை.

எவற்றைப் பொருத்தினால் ஒரு வேன் உறைவண்டி ஆகும்? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007ஆம் ஆண்டு நெறிமுறை நான்கனைக் கூறுகின்றது: இருக்கையும் மேசையும், படுக்கை, சமைக்கும் வசதி, பொருள் வைக்கும் வசதி. இருக்கையையே விரித்துப் படுக்கையாக்கலாம்; மேசையைக் கழற்றத்தக்கதாக அமைக்கலாம்; மற்றவை வண்டியோடு உறுதியாகப் பிணைக்கப்பட வேண்டும். தாமே செய்ய முனைவோருக்கு இந்நான்கும் பெரும்பாலும் எளியவை. மரவேலை ஓரளவு தெரிந்தவர் ஒரு பெட்டியையும் கட்டிலையும் செய்துவிடுவார். அளவில் மட்டும் கவனம் வேண்டும். ஃபியட் டுக்காட்டோ வேனின் உள் அகலம் மிகுதியான இடத்தில் 187 சென்டிமீட்டர். குறுக்கே படுத்துறங்கலாம் என்று எண்ணிப் பலர் அதனை வாங்குகின்றனர். சுவருக்கு நுரைத் தகடும் பலகையும் ஒட்டிய பின் எஞ்சுவது எவ்வளவு என்று முன்னரே கணக்கிடாதவர் முழங்காலை மடக்கித்தான் உறங்க வேண்டும். ஓடும் வண்டியில் மனிதர் அமரும் இருக்கையையும் அதன் கச்சையையும் மரப்பெட்டியில் திருகி வைப்பது பெருந்தவறு. அவை வண்டியின் எஃகுச் சட்டத்தோடு இணைய வேண்டும்; அந்த ஒன்றையேனும் தேர்ந்த தொழிலாளரிடம் விடுவது அறிவுடைமை.

இனி, படங்களில் தெரியாத பகுதிக்கு வருவோம். முதலாவது ஈரம். வேனின் சுவர் மெல்லிய எஃகுத் தகடு; குளிர்ந்த இரவில் அது விரைவில் குளிர்ந்துவிடும். உள்ளே உறங்கும் இருவரின் மூச்சும் வியர்வையும் ஓரிரவில் ஏறத்தாழ அரை லிட்டர் நீரைக் காற்றில் கலக்கின்றன. அடுப்பு எரித்தால் மேலும் கூடும். ஒரு கிலோ புரொப்பேன் வாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட நீராவி உண்டாகும் என்பது வேதியியற் கணக்கு. இந்த நீராவி குளிர்ந்த தகட்டைத் தொட்டதும் துளியாகும். பலகைக்குப் பின்னால் வழிந்து, மரத்தைப் பூசணம் பிடிக்கச் செய்து, இரும்பைத் துருவேற்றும். உரிமையாளருக்குத் தெரியவருவதோ ஆண்டுகள் சில சென்ற பின்னர், துரு வெளிப்புறச் சாயத்தைக் கிளப்பும்போது.

இதற்கு மருந்தாக நுண்ணறைகள் மூடிய நுரைத் தகட்டை எஃகின்மேல் இடைவெளி இன்றி ஒட்டுகின்றனர். வளைந்த மூலைகளில் ஆட்டு மயிரைத் திணிப்போரும் உளர். உட்புறம் முழுவதையும் நீராவி புகாத தாளால் மூட வேண்டும் என்று ஒரு சாரார் வாதிடுவர். திருகும் கம்பியும் நூறு இடங்களில் துளைக்கின்ற வண்டியில் அத்தகைய முழு மூடல் கைகூடுவது அரிது. ஆகவே நீராவியைத் தடுக்க முயல்வதினும் வெளியேற்றுவதே பயன் தரும். கூரையில் ஒரு காற்றுப்போக்கியும் தாழ்வான இடத்தில் ஒரு காற்று வழியும் இருந்தால் ஈரக்காற்று மேலே சென்றுவிடும். கூரையை அறுக்கும்போது வெட்டிய விளிம்பிற்கு உடனே துருத்தடுப்புச் சாயம் பூசவும், சிதறும் இரும்புத் தூளை ஒன்றுவிடாமல் கூட்டி எடுக்கவும் வேண்டும். கதவின் அடியில் உள்ள சிறு துளைகளை ‘குளிர் வருகிறது’ என்று நுரையால் அடைப்பவர் உண்டு. மழைநீர் வடிவதற்கென்றே செய்தவன் விட்ட துளைகள் அவை.

காற்று வழிக்கு ஈரத்தினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. மூடிய இடத்தில் வாயுவோ கரியோ போதிய உயிர்வளி இன்றி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகின்றது. அதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. குருதியின் செந்நிறப் பொருளோடு அது உயிர்வளியைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலிமையாகப் பிணையும். தலைவலி, மயக்கம், பின்னர் உறக்கம்; அவ்வுறக்கத்திலிருந்து எழாமற் போனோர் உண்டு. வெளியே இறைச்சி சுட்ட கரியடுப்பை, அணைந்துவிட்டது என்று கருதிக் குளிர் காய உள்ளே எடுத்து வருவது இவ்வாறு உயிர் குடிக்கும் செயல். அடுப்பை வெப்பத்திற்காக எரியவிட்டு உறங்குவதும் அத்தகையதே. வண்டிகளுக்கென்றே செய்த எச்சரிக்கை மணி கிடைக்கின்றது, விலையும் பெரிதன்று. கட்டில் வாங்கும் முன் அதனை வாங்கலாம்.

சமையல் வாயுவின் தன்மை வேறு. அது கசிந்ததை அறிய மணம் சேர்த்திருக்கின்றனர்; ஆனால் அது காற்றினும் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையிலே தேங்கும். உருளை வைக்கும் பெட்டி உட்புறத்தினின்று முற்றும் அடைக்கப்பட்டு, அதன் தளத்தில் வெளியே திறக்கும் துளை இருக்க வேண்டும் என்பது இதனாலேதான். உருளையுள் இருப்பது எந்த வாயு என்பதையும் காண வேண்டும். பியூட்டேன் நீர் உறையும் நிலையை ஒட்டிய குளிரிலேயே ஆவியாக மறுத்துவிடும். புரொப்பேனோ கழிநிலை 42 பாகை வரை பணி செய்யும். ஸ்காட்லாந்தின் குளிர்காலக் காலையில் தேநீருக்கு நீர் கொதிக்குமா என்பது இவ்வேறுபாட்டைப் பொறுத்தது.

மின்சாரத்திற்கு வண்டியின் சொந்தப் பாட்டரியைப் பயன்படுத்தாமல் இரண்டாவது ஒன்றை வைப்பர். இரவெல்லாம் விளக்கெரித்துவிட்டுக் காலையில் இயந்திரத்தைக் கிளப்ப முடியாமல் நிற்க யார் விரும்புவர்? இங்கே தாமே செய்வோர் செய்யும் பிழை கம்பியின் பருமனிலே. 12 வோல்ட்டில் சிறு இழப்பும் பெரிதாகும். பாட்டரிக்கு 4 மீட்டர் தொலைவில் உள்ள குளிர்ப்பெட்டி 5 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போட்டால், போக வர 8 மீட்டரில் ஏறத்தாழ அரை வோல்ட் வழியிலேயே வெப்பமாகிவிடும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.12 வோல்ட்டே. பாட்டரி சற்றுத் தளர்ந்திருந்தால் முன்னதில் குளிர்ப்பெட்டி நின்றுவிடும். குற்றம் பெட்டியின்மேல் சுமத்தப்படும். பியூஸைப் பாட்டரியின் அருகிலேயே வைக்க வேண்டும். அது காப்பது விளக்கை அன்று, கம்பியை. கம்பி எங்கேனும் உரசி இரும்பைத் தொட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து அதனைப் பழுக்கக் காய்ச்சிவிடும். சுற்றிலும் இருப்பவை மரமும் நுரையும். கூரையில் கதிரவ மின்தகடு பொருத்துவது நன்றே. எனினும் டிசம்பர்த் திங்களில் லண்டன் மாநகரின் குறுகிய பகல் 8 மணி நேரத்தை எட்டாது. கதிரவனும் தாழ்ந்தே செல்வான். கோடைக் கணக்கை வைத்துக் குளிர்காலத்தில் இருட்டில் அமர்ந்தவர் பலர்.

இறுதியாக எடை. பெரிய வேன்கள் பல, சுமையோடு 3,500 கிலோவுக்கு மேற்படாமல் இயங்கச் செய்யப்பட்டவை. வெறுமையாக நிற்கும்போதே அவை 2,000 கிலோவை ஒட்டி இருக்கும். பிர்ச் மரத்து 18 மில்லிமீட்டர் பிளைவுட் முழுப்பலகை ஒன்று ஏறத்தாழ 36 கிலோ. அதே அளவில் பாப்லர் மரத்தது அதன் மூன்றில் இரு பங்கே. தொட்டியில் 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. இவற்றோடு பாட்டரி, உணவு, ஆட்கள், பின்புறம் தொங்கும் மிதிவண்டிகள். பின் அச்சுக்கு அப்பால் தொங்கும் சுமை நெம்புகோல் போல முன்சக்கரங்களைத் தூக்கும். முன்சக்கரத்தால் இயங்கித் திரும்பும் வண்டிக்கு அது நன்றன்று. ஆகவே வேலை பாதியில் இருக்கும்போது ஒருமுறையும், முடிந்தபின் தண்ணீர் நிரப்பிக் குடும்பத்தோடு ஒருமுறையும் எடைமேடைக்குச் சென்று, ஒவ்வோர் அச்சையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கின்றனர் இத்தொழிலில் பழகியவர். எடை மிகுந்து காணின் முதலில் இறக்கப்படுவது பெரும்பாலும் ஆசையோடு செய்த தேக்குப் பலகைதான்.