குமரப் பருவத்து மனமாற்றமும் இருமுனை மனநோயும்

குழந்தைமை நீங்கி முதிர்ச்சி எய்துதற்கு இடைப்பட்ட குமரப் பருவம், உடலும் உள்ளமும் ஒருங்கே மாறுங் காலமாகும். காலையிற் களிப்போடு பாடசாலைக்குச் செல்லும் மாணாக்கன் மாலையில் முகங்கொடுத்துப் பேசாதிருத்தலும், ஆசிரியர் கூறிய ஒரு சொல்லுக்காக நாள் முழுவதும் வாடியிருத்தலும், மறுநாள் அதனை அறவே மறந்து விளையாட்டுத் திடலில் ஆர்ப்பரித்தலும் யாவரும் அறிந்தனவே. எனினும், அதே வயதில் தோன்றும் கொடிய மனநோயொன்றும் உண்டு. மிகுகளிப்பு, பெருந்துயர் என்னும் இரு முனைகளுக்கிடையே உள்ளத்தை அலைக்கழிக்கும் அந்நோய் இருமுனை மனநோய் எனப்படும். பருவத்தின் இயல்பை நோயெனக் கொள்ளுதலும், நோயைப் பருவத்தின் இயல்பெனக் கொள்ளுதலும் இளைஞரின் வாழ்வைக் கெடுக்கவல்ல பிழைகளாம். ஆகலின், இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியும் வழி யாதென்பது பெற்றோரும் ஆசிரியரும் ஆராயத்தக்க வினாவாகும்.

இந்நோய் புதியதன்று. களிப்பும் துயரமும் ஒருவரிடத்தே மாறிமாறி வரும் நிலையை ஒரே நோயின் இரு கூறுகளாக 1850களிற் பிரான்சிய மருத்துவர் பால்ரே விளக்கினார். ஜேர்மனிய அறிஞர் எமில் கிரேப்பலின் 1899 இல் அதனைத் தனியொரு நோயினமாக வகுத்தார். நோயின் முதற் தாக்கம் 15 வயதுக்கும் 20 வயதுக்கும் இடையிலேயே பெரிதும் நிகழ்தலை அவர் கண்டமை ஈண்டு நோக்கற்பாலது. இருமுனை என்னும் பாகுபாட்டை 1957 இல் லியோன்ஹார்ட் வகுத்தார். 1980 இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கைந்நூல் அப்பெயரை ஏற்றுக்கொண்டது. உலக மக்களுள் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவர் தம் வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளாகின்றனர்.

இனி, குமரரின் மனம் இயல்பாகவே அலைவதற்குக் காரணம் யாது? அமெரிக்க உளநூலறிஞர் ஸ்ரான்லி ஹோல் 1904 இல் வெளியிட்ட பெருநூலில் இப்பருவத்தைப் புயலும் கொந்தளிப்பும் நிறைந்ததென வருணித்தார். குமரர் யாவரும் அத்துணைக் கொந்தளிப்புக்கு ஆளாவதில்லை எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆயினும் அவர் கூற்று முற்றும் பொய்யன்று. உணர்ச்சியை எழுப்பும் மூளைப்பகுதிகள் விரைந்து முதிர, அவற்றை அடக்கி ஆளும் முன்மூளையின் வளர்ச்சியோ 25 வயதளவிலேயே நிறைவெய்துகின்றது. உறக்கத்தைத் தூண்டும் சுரப்பும் இப்பருவத்தில் இரவிற் பிந்தியே சுரக்கின்றது. இவற்றோடு பரீட்சை அச்சமும், நட்பிற் பிரிவும், பெற்றோருடன் பிணக்கும் சேருமிடத்து உள்ளம் தளும்புதல் வியப்பன்று.

நோயின் இலக்கணமோ வேறாகும். மிகுகளிப்பு நிலை குறைந்தது 7 நாளாயினும் நாளின் பெரும்பகுதியும் நீடித்தல் வேண்டும். நோயாளியை மருத்துவமனையிற் சேர்க்க நேரிடின் அக்கால வரையறை வேண்டப்படுவதில்லை. சற்றுத் தணிந்த களிப்பு நிலைக்கு 4 நாளும், துயர் நிலைக்கு இரண்டு வாரமும் எல்லையாகும். மிகுகளிப்பில் எண்ணங்கள் ஒன்றையொன்று துரத்தும். பேச்சு தடையின்றிப் பெருகும். தன்னைப் பெரியோனெனக் கருதும் செருக்கு எழும். பின்விளைவு கருதாச் செயல்கள் நிகழும். இளையோரிடம் களிப்பினும் எரிச்சலே மேலோங்குதலும் உண்டு. துயர் நிலையில் முன்னர் விரும்பியன யாவும் சுவையற்றுப் போகும்; உணவும் உறக்கமும் குலையும்; தான் பயனற்றவன் என்னும் எண்ணமும் இறப்பை நாடும் எண்ணமும் தோன்றும்.

ஆகவே, ஒருநாட் சினத்தின் கடுமையைக் கொண்டு நோயை அளத்தல் தவறாகும். நோக்கத்தக்கவை நான்கு. முதலாவது, அம்மாணாக்கனின் சொந்த இயல்பு. இயல்பிலேயே துடுக்கானவன் துடுக்காயிருத்தல் மாற்றமன்று. அமைதியும் நாணமும் உடையவன் திடீரெனப் பலர் நடுவே ஓயாது பேசுதலும், நிறைவேறாப் பெருந்திட்டங்களை வகுத்தலும் மாற்றமாகும். இரண்டாவது, கால நீட்சி. பருவத்து மனமாற்றம் நாழிகைக் கணக்கினது. காரணம் நீங்கத் தானும் நீங்கும். நோயின் மாற்றமோ காரணத்தைக் கடந்து நாட்கணக்காகவும் வாரக்கணக்காகவும் நிற்கும். மூன்றாவது, உறக்கம். நள்ளிரவு வரை விழித்திருக்கும் குமரன் மறுநாள் வகுப்பிற் தூங்கி விழுவான்; விடுமுறை நாளில் உச்சிவரை உறங்குவான். மிகுகளிப்புற்றவனோ இரண்டு மூன்று மணி நேரமே உறங்கியும் பல நாள்களாகச் சோர்வின்றித் திரிவான். உறக்கமின்மை வேறு, உறக்கத் தேவையின்மை வேறு என்பது மறத்தற்குரியதன்று. நான்காவது, கேட்டின் பரப்பு. வீட்டில் மட்டும் முரண்டி, பாடசாலையிலும் நண்பரிடத்தும் ஒழுங்காய் நடப்பவனிடம் நோயை ஐயுறுதல் அரிது. எல்லா இடத்தும் ஒருங்கே நிலைகுலையின் ஐயம் வலுப்பெறும். பெற்றோர் அல்லது உடன்பிறந்தாருள் இந்நோய் இருந்தமை தெரியின் கவனம் இன்னும் மிகுதல் வேண்டும். எனினும், போதைப்பொருளும் கேடயச் சுரப்பியின் கோளாறும் இவைபோன்ற தோற்றத்தைத் தரலாமாதலின், முடிவு கூறுதல் மருத்துவரின் கடனேயாம்.

மருத்துவரும் பிழைபடுதல் உண்டு. அமெரிக்காவில் 1994-95 ஆம் ஆண்டுகளுக்கும் 2002-03 ஆம் ஆண்டுகளுக்கும் இடையே, இந்நோய்ப் பெயர் சூட்டப்பட்ட சிறார் மருத்துவரை நாடிய தடவைகள் ஏறத்தாழ நாற்பது மடங்காயின. நோய் அத்துணை விரைவிற் பெருகியிருத்தல் இயலாது; ஓயாத எரிசினமே பலரிடம் இருமுனை மனநோயெனக் கொள்ளப்பட்டது. இதனைத் தடுக்கவே 2013 இல் வெளிவந்த கைந்நூலின் ஐந்தாம் பதிப்பு, நீடித்த சினமுடைய சிறார்க்கு வேறொரு பெயரை வகுத்தது. மறுதலைப் பிழை இதனினும் கொடிது. நோயுற்றவனை அடங்காதவனென்று தண்டித்தலாலும், துயருற்றவனைச் சோம்பேறியென்று இகழ்தலாலும் ஆண்டுகள் வீணாகின்றன. துயர் நிலையை மட்டும் கண்டு வழங்கப்படும் மருந்து சிலரை மிகுகளிப்புக்குள் தள்ளிவிடுதலும் உண்டு. முன்னைய களிப்பு நிலையை மருத்துவர்க்குக் கூறாமையால் வரும் தீங்கு இது. தற்கொலை என்னும் இழப்போ பின்னர் ஈடுசெய்ய இயலாதது.

இந்நிலையில் ஆசிரியரின் கடமை தெளிவு. நோய்க்குப் பெயரிடுதல் அவர் பணியன்று. கண்டதைக் கண்டவாறு கூறுதலே அவர் பணி. ஒரு மாணாக்கனை ஆண்டு முழுவதும் நாடோறும் காண்பவர் அவரே. எந்நாள் முதல் மாற்றம் தோன்றியது, எத்துணை நாள் நீடித்தது, எழுத்தும் பேச்சும் எவ்வாறு மாறின என்பவற்றைத் திகதியுடன் குறித்துப் பெற்றோரிடம் தனியே கூறுவாராயின், அக்குறிப்பு மருத்துவர்க்குப் பேருதவியாகும். பெற்றோரும் உறக்க நேரத்தைக் குறித்து வைத்தல் நன்று. இறக்கும் எண்ணத்தை ஓர் இளைஞன் வெளியிடின், அவனைத் தனியே விடாது அன்றே உதவி நாடல் வேண்டும். அதுபற்றி அவனை நேரே வினவுதல் அவ்வெண்ணத்தை விதைக்குமென்னும் அச்சம் பொருந்தாது. இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தினூடாகவும், அரசினர் மருத்துவமனைகளின் உளமருத்துவப் பிரிவுகளிலும் உதவி பெறலாம்.

ஊரார் பழிப்பரென அஞ்சி நோயை மறைத்தலும், கிரகதோஷமென ஆறியிருத்தலும் காலத்தையே வீணாக்கும். அவுஸ்திரேலிய மருத்துவர் ஜோன் கேட், மிகுகளிப்பை லிதியம் உப்பு தணிக்குமென 1949 இல் வெளிப்படுத்தினார். இரத்தப் பரிசோதனையுடன் கவனமாக வழங்கப்படும் அம்மருந்து இன்றும் முதன்மை பெற்றுள்ளது. மருந்தும் ஒழுங்கான உறக்கமும் குடும்பத்தாரின் ஆதரவும் பெற்றோர் பலர் கல்வியை முடித்துத் தொழில் புரிந்து வாழ்கின்றனர். ஒரு தவணை பரீட்சையிற் பின்தங்கிய மாணாக்கனுக்கு மறு தவணை உண்டு. அத்தவணைக்கு அவன் மீண்டு வருதல், அவனிடத்து நேர்ந்த மாற்றத்தை உரிய காலத்தில் ஒருவர் கண்டு கூறுதலிலேயே பெரிதும் தங்கியுள்ளது.