கூலி யாருக்கு, வாடகை யாருக்கு?

எழுபதுகளின் நியூயார்க் இசைத்தட்டு நிறுவனமொன்றைக் களமாகக் கொண்ட ‘வினைல்’ தொலைக்காட்சித் தொடர் 2016இல் ஒளிபரப்பாகி, ஒரே பருவத்தோடு நின்றுபோனது. அண்மையில் அதைப் பார்த்த காரைக்கால் நண்பர்கள், கொலையும் போதையும்தான் இசைத் தொழிலா என்று முகம் சுளித்தார்கள். குறை நியாயமே. ஆனால், லெஸ்டர் கிரைம்ஸ் என்னும் பாடகரின் கிளைக்கதையை ஒருவரும் பேசவில்லை. பாடியவர் அவர், பணம் சேர்ந்ததோ வேறிடம். பொருளியல் பயிற்றுவித்த எனக்கு அதுவே மையக்கதை.

நம் நாட்டில் அக்கதை நீதிமன்றத்தில் நடந்தது. ‘அன்னக்கிளி’ (1976) பாடல்களை நாங்கள் இலங்கை வானொலியில் காத்திருந்து கேட்ட காலம். மறுகரையிலிருந்து அலை தெளிவாக வரும்! மறு ஆண்டே உச்ச நீதிமன்றம், ஊதியம் கொடுத்துப் படத்துக்காக இசையமைக்கச் செய்த தயாரிப்பாளரே, மாற்று ஒப்பந்தம் இல்லாவிடில், அந்த இசையின் முதல் உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. அதாவது, இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் ஒருமுறை பெற்றது கூலி. இசைத்தட்டு, ஒலிநாடா, கைப்பேசி எனப் பாடல் மறுபிறவி எடுக்கும்தோறும் வருவது வாடகை, அது உடைமையாளருக்கு. பாடகருக்கோ அன்றைய சட்டத்தில் இடமே இல்லை. நீதிபதி கிருஷ்ண ஐயர் அத்தீர்ப்பிலேயே இதற்கு வருந்தினார். நிகழ்த்துநர் உரிமை 1994இல்தான் வந்தது.

திரையரங்குக்கு வெளியே ஈட்டப்படும் உரிமத்தொகையில் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உண்டு. தயாரிப்பாளருக்கு அதை எழுதிக்கொடுத்தாலும் செல்லாது என்றது 2012ஆம் ஆண்டுத் திருத்தம். அதற்கு முந்தைய ஒப்பந்தங்களின் கதை வேறு. இளையராஜாவின் பழைய பாடல்கள் சென்னை உயர் நீதிமன்றப் படியேறியது இத்தகைய உரிமைப் பூசலால்தான்.