அடி தாங்கிய பட்டடை!

தம்பி!

கொல்லன் பட்டறை வாசலில் நீ நின்று பார்த்திருப்பாய். உலையில் பழுக்கக் காய்ந்த இரும்பைக் குறட்டால் பிடித்து எடுத்து, கனத்த இரும்புக் கட்டை ஒன்றின்மேல் வைத்து, சம்மட்டியால் ஓங்கி அடிக்கிறார்களே, அந்தக் கட்டைக்குப் பட்டடை என்று பெயர். அரிவாள் ஆகி வெளியே போவது இரும்பு. அடி அத்தனையும் வாங்கிக்கொண்டு அங்கேயே கிடப்பது பட்டடை. அந்தப் பெயரையே, ஆங்கிலத்திலே 'ஆன்வில்' என்று, தங்கள் இசைக்குழுவுக்குச் சூட்டிக்கொண்ட கனடா நாட்டுக்காரர் சிலரைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன்.

"ஆலைக் கணக்கும் கூலிக் கணக்கும் பேச வேண்டிய இடத்தில் அண்ணன் பாட்டுக் கச்சேரி பேசுகிறாரே!" என்று முணுமுணுக்காதே. இதுவும் கூலிக் கதைதான், கேள்.

அவர்கள் வாசிப்பது 'ஹெவி மெட்டல்'. கன உலோகம் என்று பொருள். பழகாத காதுக்கு இரைச்சல். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் தம்பி, அந்த ஓசை மாளிகையிலே பிறந்ததல்ல, ஆலையிலே பிறந்தது! இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், 1965-ல், டோனி அயோமி என்ற 17 வயதுப் பிள்ளை, தகட்டு ஆலையில் தன் கடைசி நாள் வேலையின்போது, வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்துக்குப் பறிகொடுத்தான். இடக்கைப் பழக்கக்காரன் அவன். கிடார்க் கம்பியை அழுத்த வேண்டிய கையே அந்த வலக்கைதான்! பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டான். வலி குறையட்டும் என்று பின்னாளில் கம்பிகளைத் தளர்த்தினான். சுருதி இறங்கிற்று, ஓசை கனத்தது. 'பிளாக் சாபத்' என்ற அவனது குழுவிலிருந்துதான் இந்த இசை உலகெங்கும் பரவிற்று.

இனி நம் பட்டடைக்காரர்களிடம் வருவோம். டொராண்டோ நகரத்தார். பாடுவதும் கிடார் வாசிப்பதும் ஸ்டீவ் குட்லோ. 'லிப்ஸ்' என்றே அவரை அழைக்கிறார்கள். முரசு முழக்குவது ராப் ரைனர். பள்ளிப் பருவத்துச் சிநேகிதர்கள். 1978-ல் குழு அமைத்தார்கள். 1982-ல் 'மெட்டல் ஆன் மெட்டல்', 1983-ல் 'ஃபோர்ஜ்ட் இன் ஃபயர்' என்று இசைத்தட்டுகள் வந்தன. உலோகத்தின்மேல் உலோகம், நெருப்பில் அடித்தெடுத்தது! பெயரிலேயே பட்டறை வாசம் வீசுகிறதல்லவா?

1984-ல் ஜப்பானில் ஒரு பெருவிழா. ஸ்கார்ப்பியன்ஸ், ஒயிட்ஸ்நேக், பான் ஜோவி ஆகிய குழுக்களோடு ஆன்விலும் மேடையேறிற்று. மற்ற மூவரின் தட்டுகளும் இலட்சக்கணக்கில் விற்றன. ஆன்விலுக்கோ கதவு அடைபட்டது. புகழ்பெற்ற மெட்டாலிகா குழுவின் முரசுக்காரர் உட்பட, பின்னால் கோடி கண்டவர்கள் பலர், 'இவர்கள் எங்களுக்கு முன்னோடிகள்' என்று பேசுகிறார்கள். பேசட்டும்; பேச்சு அடுப்பெரிக்குமா? சரக்கு நல்லதாக இருந்தால் மட்டும் போதாது தம்பி, அதைச் சந்தைக்குக் கொண்டு சேர்க்கும் கை வேண்டும். அந்தக் கை இவர்களுக்கு வாய்க்கவில்லை.

இருபது ஆண்டுகள் உருண்டன. லிப்ஸ் பள்ளிக்கூடங்களுக்கு மதிய உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வண்டியை ஓட்டினார். ரைனர் கட்டட வேலைக்குப் போனார். பகலிலே கூலி, இரவிலே முரசு! ஐரோப்பாவில் ஐந்து வாரச் சுற்றுப்பயணம் என்று ஒருமுறை புறப்பட்டார்கள். இரயிலைத் தவறவிட்டார்கள், நிலையத்திலே படுத்தார்கள். ப்ராக் நகரில் வழி தெரியாமல் அலைந்து தாமதமாகப் போய்ச் சேர்ந்து, வியர்வை சொட்ட வாசித்து முடித்துக் கூலி கேட்டால், 'தாமதமாக வந்தாய், பணம் கிடையாது' என்கிறார் விடுதிக்காரர்! ருமேனியாவில் பத்தாயிரம் பேர் அமரக்கூடிய அரங்கம். வந்திருந்தோர் 174 பேர். வீடு திரும்பியபோது கையில் மிஞ்சியது ஒன்றுமில்லை.

வேறு யாராயிருந்தாலும் மூட்டை கட்டியிருப்பார்கள். இவர்களோ பதின்மூன்றாவது இசைத்தட்டுக்கு வழி தேடினார்கள்! பழைய தட்டுகளைச் செப்பமாகப் பதிவு செய்து தந்த கிறிஸ் சங்காரிடிஸ் என்பவரை அணுகினார்கள். இங்கிலாந்தில் டோவர் பக்கம் அவரது பதிவுக்கூடம். அவர் இசைந்தார், பணம்? தொலைபேசியில் கறுப்புக் கண்ணாடி விற்கும் வேலையில் லிப்ஸ் உட்கார்ந்து பார்த்தார். ஒன்றுகூட விற்கவில்லை. பொய்யும் புனைசுருட்டும் வாயில் வராத ஆள் எதை விற்பார்? கடைசியில் உடன்பிறந்த அக்காள் கடன் கொடுத்தார். கம்பெனி கொடுக்காத முதலை, குடும்பம் கொடுத்தது.

பதிவுக்கூடத்திலே நண்பர்களுக்குள் பெருஞ்சண்டை. ரைனர் விலகிப் போகிறேன் என்றார். அக்காள் பணம், முப்பதாண்டு உழைப்பு, எல்லாம் ஒரு நொடியில் போயிருக்கும். வள்ளுவர் கூடாநட்புக்குப் பட்டடையை உவமை காட்டினார். இந்தப் பட்டடை நட்போ வேறு வகை! லிப்ஸ் கண்ணீர் விட்டார், மனம் விட்டுப் பேசினார். ரைனர் திரும்பி வந்து முரசின் முன் அமர்ந்தார். தட்டு முடிந்தது. கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார்கள், எடுப்பார் இல்லை. 2007-ல் 'திஸ் இஸ் தர்ட்டீன்' என்ற பெயரில் தாங்களே வெளியிட்டுத் தாங்களே விற்றார்கள்.

இத்தனையையும் ஒருவர் படமெடுத்துக் கொண்டிருந்தார். சாஷா ஜெர்வாசி என்ற அவர், விடலைப் பருவத்தில் இக்குழுவின் முரசுகளைச் சுமந்த பையன். வளர்ந்து திரைக்கதை ஆசிரியரானவர், பழைய நன்றியை மறக்கவில்லை. 2008-ல் படம் அரங்கேறிற்று. ஏறிட்டும் பாராத உலகம் திரும்பிப் பார்த்தது. 2009-ல் அதே பதின்மூன்றாவது தட்டை ஒரு கம்பெனி வாங்கி மறுபடி வெளியிட்டது! பெரும்புகழ் பெற்ற ஏசி/டிசி குழுவுக்கு முன்னே வாசிக்க அழைப்பும் வந்தது. அதற்காகக் கோடீஸ்வரர்கள் ஆகிவிட்டார்கள் என்று எண்ணிவிடாதே. வாசிப்பே பிழைப்பு என்றாயிற்று, அவ்வளவுதான். 2024-ல் வந்த 'ஒன் அண்ட் ஒன்லி' அவர்களது இருபதாவது தட்டு. லிப்ஸுக்கு அப்போது வயது 68.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று தம்பி. படமெடுப்பு நடந்த நாளிலே, 2006-ல், ஜப்பானிலிருந்து மீண்டும் ஓர் அழைப்பு. விழாவிலே இவர்களுக்கு ஒதுக்கியது காலை வேளை, முதல் வரிசை. அந்நேரத்திலே யார் வருவார்? மறுபடியும் 174 பேர்தானா? மேடைக்குப் பின்னே இருவரும் அந்த அச்சத்தோடு நடந்தார்கள். படிகளில் ஏறிப் பார்த்தால், காலையிலேயே வந்து அரங்கம் நிறைய நின்றது கூட்டம், முஷ்டி உயர்த்தி!