பெயின்ட் அடிக்கும் முன் சர்வேயரைக் கூப்பிடுங்கள்

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. ஆனாலும் பழைய ஸ்பீடு போட் ஆசை இங்கே பலருக்கு உண்டு. தீபாவளிப் பட்டாசு வியாபாரம் நன்றாக முடிந்த வருஷத்தில் நாலு நண்பர்கள் பணம் போட்டு, தூத்துக்குடியிலோ கொச்சியிலோ ஓடி ஓய்ந்த ஒரு ஃபைபர் படகை வாங்கி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிடுகிறார்கள். பெரிய குதிரைத்திறன் எஞ்சின், கூர்மையான அணியம், பார்த்தாலே ஓட்டத் தோன்றும். வந்ததும் முதல் வேலையாகப் பெயின்ட் அடிக்கிறார்கள். அடுத்து எஞ்சினைப் பிரிக்கிறார்கள். பிறகு சீட்டுக்கு ரெக்ஸின் தைக்கிறார்கள். தண்ணீரில் இறக்க நாள் குறித்த பிறகுதான் யாராவது ஒருவர் கேட்கிறார்: "அண்ணாச்சி, இதுக்கு ஏதும் பேப்பர் வேணுமா?"

இந்த வரிசை தலைகீழ். இதனால் பணம் போகிறது, சில சமயம் உயிரும் போகிறது.

முதலில் சட்டம். நூறு ஆண்டுக்கு மேல் இருந்த 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021 வந்தது. 2022 ஜூன் 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு, ஏரி, கால்வாய், நீர்த்தேக்கம் என்று கலம் செல்லத்தக்க உள்நாட்டு நீர் எதுவானாலும், எஞ்சினால் ஓடும் படகுக்கு சர்வே சான்றிதழ், பதிவுச் சான்றிதழ், காப்பீடு மூன்றும் வேண்டும். ஓட்டுபவருக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். "நம்ம சொந்த உபயோகத்துக்குத்தானே, டிக்கெட் போட்டா ஓட்டுறோம்?" என்று கேட்பவர்கள் அதிகம். சொந்த உபயோகம் என்பதாலேயே இவற்றிலிருந்து தப்பிக்க முடியாது.

எந்த ஆபீசுக்குப் போவது என்பதில்தான் ஜனங்கள் அலைகிறார்கள். வாகனம் என்பதால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போகிறார்கள். அங்கே படகை ஏற்றி இழுக்கும் டிரெய்லருக்குத்தான் பதிவு உண்டு, படகுக்குக் கிடையாது. மீன்வளத் துறைக்குப் போனால் மீன்பிடிப் படகுக்கு மட்டும்தான் பதிவு என்பார்கள், அதுவும் சரிதான். ஒரு கவுன்ட்டரில் விசாரித்தால் அடுத்த கவுன்ட்டரைக் கை காட்டுகிறார்கள், சரியான இடத்தை ஒருவரும் எழுதிக் கொடுப்பதில்லை. மாவட்டத்தில் கடல் இல்லை என்பது பதில் தெரியாமல் இருப்பதற்குச் சாக்கு ஆகாது. நீங்கள் எழுத வேண்டிய இடம் தமிழ்நாடு கடல்சார் வாரியம். மாநிலத்தின் சிறு துறைமுகங்களைப் பார்த்துக்கொள்ளும் அமைப்பு அது. உங்கள் கடிதத்தில் படகின் நீளம், அகலம், கட்டிய ஆண்டு, கட்டுமானப் பொருள், எஞ்சின் தயாரிப்பும் குதிரைத்திறனும், எஞ்சின் எண், எந்த நீர்நிலையில் ஓட்டப் போகிறீர்கள், எத்தனை பேர் ஏறுவார்கள் என்ற விவரங்கள் இருக்கட்டும். அதில் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: இந்தப் படகை சர்வே செய்ய நியமிக்கப்பட்டவர் யார், பதிவு அதிகாரி யார். ஸ்பீடு போஸ்ட்டில் பதிவு செய்து அனுப்பி, சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வரவில்லை என்றால் அதே இரண்டு கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கட்டணத்தோடு, பொதுத் தகவல் அலுவலருக்குப் போடுங்கள். 30 நாளில் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

சர்வே சான்றிதழ் கையில் இல்லாமல் பதிவுக்குப் போக முடியாது. சர்வேயர் பார்க்க வேண்டியது படகின் எலும்புக்கூடு. எஞ்சின் மாட்டும் பின்பலகை, அடித்தளத்துக்குக் கீழே ஓடும் நீளச் சட்டங்கள், மிதவைக்காக நிரப்பிய ஃபோம், பெட்ரோல் டேங்க், இவை எல்லாம் தளத்தைத் திறந்து வைத்திருக்கும்போதுதான் கண்ணில் படும். ஃபைபர் ஒட்டிப் பெயின்ட் அடித்து முடித்த பிறகு கூப்பிட்டால், ஒட்டியதைத் திரும்ப வெட்டச் சொல்வார். அவர் மேல் கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. எஞ்சினை மாற்றுவதோ அமைப்பை மாற்றுவதோ முன் அனுமதி வாங்கிச் செய்ய வேண்டிய வேலை என்பதும் அப்போதுதான் பலருக்குத் தெரிகிறது. ஆகவே பெயின்ட் அடிக்கும் முன் சர்வேயர்.

அதற்கும் முன்னால் வாங்கும் நேரம். நூறு ரூபாய் பத்திரத்தில் நோட்டரி கையெழுத்தோடு ஒரு ஒப்பந்தம் போட்டுவிட்டால் படகு நம்முடையது என்று நம்புகிறார்கள். விற்பவர் பெயரில் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா, அதில் இருக்கும் எண்ணும் படகில் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றா, எஞ்சின் எண் தகடு சுரண்டப்பட்டிருக்கிறதா, எஞ்சின் வாங்கிய அசல் பில் எங்கே, வங்கிக் கடன் பாக்கி உண்டா, எல்லாம் கேளுங்கள். வேறு மாநிலப் பதிவென்றால் அங்கிருந்து பதிவை மாற்றிக்கொள்ளும் காகிதத்தை விற்பவரே வாங்கித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஏலத்தில் எடுத்த படகு என்றால் ஏல உத்தரவும் பணம் கட்டிய ரசீதும் வேண்டும். புரோக்கர் "அதெல்லாம் பாத்துக்கிடலாம் அண்ணாச்சி" என்றால், பார்த்த பிறகே முன்பணம் என்று சொல்லிவிடுங்கள். தூத்துக்குடிப் பக்கம் இலங்கைக்குக் கடத்தல் நடக்கும் கடற்கரை. எண் அழிந்த பெரிய எஞ்சினோடு ஒரு வேகப்படகு போனால் கடலோரக் காவல் படையினர் நிறுத்தத்தான் செய்வார்கள். அப்போது காட்டக் காகிதம் இல்லை என்றால் படகு காவல் நிலையத்தில் வெயிலில் கிடந்து வீணாகும்.

மீன்பிடிப் பதிவு உள்ள பழைய படகை வாங்கி, அதே எண்ணை வைத்துக்கொண்டு சுற்றுலாவுக்கு ஓட்டலாம் என்பது இன்னொரு தப்புக் கணக்கு. மலப்புறம் மாவட்டத் தானூரில் 2023 மே 7 அன்று கவிழ்ந்து 22 பேரைப் பலி வாங்கிய படகு, மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது. தாங்கும் அளவுக்கு மேல் ஆட்களும் ஏறியிருந்தார்கள். நம் மாநிலத்தில் 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து இறந்தவர்களும் 22 பேர். மீன்பிடிப் பதிவு மீன்பிடிக்க மட்டுமே.

இனி எங்கே ஓட்டுவது. பிளவக்கல், வெம்பக்கோட்டை, ஆனைக்குட்டம், குல்லூர்சந்தை, கோல்வார்பட்டி, இருக்கன்குடி நீர்த்தேக்கங்கள் பொதுச் சொத்துதான், ஆனால் பொதுச் சொத்து என்றால் யார் வேண்டுமானாலும் எஞ்சின் ஓட்டலாம் என்று பொருள் இல்லை. நீர்வளத்துறையின் செயற்பொறியாளரிடம் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். மீன்பாசிக் குத்தகை எடுத்தவரின் வலையும் உள்ளே இருக்கும். பிளவக்கல்லை ஒட்டி 2021-இல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் இருப்பதால் வனத்துறையையும் கேட்க வேண்டும். கண்மாய் என்றால் அது நீர்வளத்துறையுடையதா, ஊராட்சி ஒன்றியத்துடையதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பஞ்சாயத்துத் தலைவர் வாய்மொழியாகச் சரி சொன்னார் என்பது அனுமதி ஆகாது. அனுமதி மனுவைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்கினால், மனு போன இடம் தெரியும்.

கடலுக்குக் கொண்டுபோகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து போனால் கிட்டத்தில் இருப்பது வேம்பார்க் கடற்கரை. அங்கே கண்ணுக்குத் தெரியும் தீவுகள் மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. 1986-இல் அறிவித்த இந்தப் பூங்காவில் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 தீவுகள். "சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்" என்று தீவில் இறங்கினால் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு. பவளப்பாறையும் கடற்பசுவும் இருக்கும் ஆழமில்லாத தண்ணீர் அது, புரொப்பல்லர் அவற்றை வெட்டும். ராமநாதபுரம் வனஉயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் எல்லை வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். கடலில் ஓட்டுவதற்கான அனுமதி தனி, ஏரிக்கு வாங்கிய சான்றிதழைக் கடலில் காட்ட முடியாது.

பழுதுபார்க்கும் வேலையில் நம்மூர்க்காரர்களுக்குப் புரிய வேண்டிய ஆபத்துகள் நாலைந்து இருக்கின்றன. ஃபைபர் ஒட்ட ரெசினில் கோபால்ட் அக்சலரேட்டரும் ஹார்டனரும் கலப்பார்கள். இரண்டும் ரெசினில்தான் சந்திக்க வேண்டும், ஒன்றன் பின் ஒன்றாக. ஒன்றோடொன்று நேராகக் கலந்தால் வெடிக்கும். ஹார்டனராக வரும் எம்இகேபி ஒரு ஆர்கானிக் பெராக்சைடு. மீதி இருக்கும் கேனைப் பட்டாசு ஆலைக் குடோனில் வைக்காதீர்கள். ஆலை வளாகத்திலேயே படகை நிறுத்தி கிரைண்டர் போடுகிற வேலையும் வேண்டாம். உரிமம் பெற்ற வெடிபொருள் வளாகத்தில் வேறு வேலை நடத்தவே கூடாது. உராய்வுத் தீப்பொறிக்கு எத்தனை அறைகள் போயிருக்கின்றன என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. திரும்பவும் சொல்கிறேன், பட்டாசு வளாகத்தில் படகு வேலை வேண்டாம்.

அடுத்தது பெட்ரோல். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலை எதிர்பார்க்காத காலத்து ரப்பர் குழாய்கள் ஊறி வெடிக்கும், பழைய ஃபைபர் டேங்கின் பிசினை அது கரைக்கும். ஈரத்தை இழுத்து டேங்கின் அடியில் தண்ணீரைப் பிரிக்கும். குழாயையும் டேங்கையும் மாற்றாமல் எஞ்சினை மட்டும் புதுப்பித்துப் பயன் இல்லை. கசிந்த பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடிப்பள்ளத்தில் தங்கிவிடும். எஞ்சின் படகுக்குள்ளேயே இருக்கும் வகை என்றால், ஸ்டார்ட் செய்யும் முன் ஊதுவிசிறியை நாலு நிமிஷமாவது ஓடவிட்டு மோந்து பாருங்கள். விலை குறைவு என்று கார் ஸ்டார்ட்டரையும் கார் ஆல்டர்னேட்டரையும் மாட்டுகிற மெக்கானிக் இருக்கிறார். அவற்றுக்குத் தீப்பொறி வெளியே வராத அடைப்பு கிடையாது. படகில் அவை கூடவே கூடாது.

பழைய படகின் பெட்டியைத் திறந்தால் காலாவதியான ஆபத்துச் சமிக்ஞைப் பட்டாசுகள் கிடக்கும். கையில் பிடிக்கும் சிவப்பு ஃப்ளேர், பாராசூட் ராக்கெட், ஆரஞ்சுப் புகை. பொதுவாக மூன்றாண்டுதான் ஆயுள். குப்பையில் போடாதீர்கள், பொட்டலில் கொளுத்தாதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். நம் ஊரிலேயே, சிவகாசியிலேயே, மத்திய வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனமான பெசோவின் அலுவலகம் இருக்கிறது. எண்ணிக்கை, வகை, காலாவதித் தேதி, புகைப்படம் வைத்து எழுதிக் கொடுத்து, எப்படி அழிப்பது என்று அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். புதிதாக வாங்கச் சோம்பல்பட்டு "நம்ம ராக்கெட் இருக்கே" என்பவர்களும் உண்டு. கப்பல்தர பாராசூட் ராக்கெட் 300 மீட்டர் உயரம் போய் 40 விநாடி எரியும். கடையில் விற்கும் ராக்கெட்டைப் பார்த்து ஒருவரும் காப்பாற்ற வர மாட்டார்கள், ஊர்த் திருவிழா என்றுதான் நினைப்பார்கள்.

இறக்கும் நாளில் கூட்டம் கூட்டாதீர்கள். மும்பையில் 2024 டிசம்பர் 18 அன்று எஞ்சின் சோதனை ஓட்டத்தில் இருந்த கடற்படை வேகப்படகு கட்டுப்பாட்டை இழந்து நீல் கமல் என்ற பயணிகள் படகில் மோதி 13 பேருக்கு மேல் இறந்தார்கள். கடற்படைக்கே அந்தக் கதி. முதல் ஓட்டத்தில் ஓட்டுபவரும் மெக்கானிக்கும் மட்டும், ஆளில்லாத தண்ணீரில், மெதுவான வேகத்தில். உயிர்காப்பு அங்கியைப் பெட்டியில் வைக்காமல் உடம்பில் போட்டிருக்க வேண்டும். எஞ்சினை அணைக்கும் கயிறு ஓட்டுபவரின் கையில் மாட்டியிருக்க வேண்டும், அவர் விழுந்தால் எஞ்சின் நிற்கும். தண்ணீரை வடிக்கும் அடித்தக்கை மாட்டியாயிற்றா என்று இரண்டு பேர் பாருங்கள், அதை மறந்து மூழ்கிய படகுகள் உண்டு. கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல்படை எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. கரையில் இருக்கும் ஒருவருக்குத் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

வேலை செய்த பட்டறை ஏமாற்றிவிட்டால்? அழுகிய பின்பலகையை மாற்றாமல் மேலே ஃபைபர் போட்டு மூடியது தெரிந்தால் அது சேவைக் குறைபாடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி பட்டறை கொச்சியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும், 5 லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வழக்குக்கு முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். ஆனால் படகை வாடகைக்கு விடும் வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும். சுயதொழில் பிழைப்புக்காக என்றால் விலக்கு உண்டு, அதை மனுவிலேயே தெளிவாக எழுதுங்கள். இதற்கெல்லாம் பில் வேண்டும். ஜி.எஸ்.டி. மிச்சம் என்று ரொக்கம் கொடுத்துத் துண்டுச்சீட்டு வாங்கியவருக்கு ஆணையத்தில் காட்ட எதுவும் இருக்காது. தளத்தைத் திறந்த அன்று ஒரு போட்டோ, பின்பலகை மாற்றிய அன்று ஒரு போட்டோ, மூடும் முன் ஒரு போட்டோ, தேதியோடு எடுத்து வையுங்கள். சர்வேயர் கேட்பதும் அவற்றைத்தான்.